பப்ளிக் இல்லை என்பதற்காக லெவன்த்தை விட்டுவிடாதீர்கள்

அக்கா மகள் இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு, கணக்கு-உயிரியல் குரூப். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "லெவன்த்துக்குப் பப்ளிக் கிடையாதே மாமா, ட்வெல்த்ல பாத்துக்கலாம்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், டியூஷனில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

நான் படித்த தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஆரம்பித்துவிடும். இரண்டு வருடமும் அதே புத்தகம், எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி வரும் என்று சொல்கிற அதே புளூபிரிண்ட், ஒரு மார்க் கேள்விகளைத் தொகுத்த கம் புக், டெஸ்ட் மேல் டெஸ்ட். 1200க்கு நல்ல மார்க்கும் வந்தது, கட்-ஆஃபும் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தபோதுதான், லிமிட் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. டிஃபரன்சியேஷனை வைத்துப் போடுகிற கணக்கெல்லாம் மனப்பாடம், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லித் தருகிற பாடம் நாங்கள் தாண்டி வந்த புத்தகத்தில் இருந்தது. எம்-1 என்கிற அந்த முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். என் பெஞ்சில் நான்கு பேரில் மூன்று பேருக்கு அதே நிலைமை, மூவருமே பெரிய மார்க் வாங்கி வந்தவர்கள்.

இந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் தமிழ்நாட்டில் 2017-18ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த மார்க் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பின் 600 மார்க் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள். 2025-26ல் இருந்து தேர்வே இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து பப்ளிக் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய பாரம், அது போனதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் பள்ளிகள் பழையபடி பாடத்தைத் தாண்டி ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீட், ஜேஇஇ எழுதுகிறவர்களுக்குப் பாடத்திட்டம் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துத்தான். அது தெரிந்தும் விடுகிறோம். பொறியியல் கட்-ஆஃபுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் என்பது உண்மை. ஆனால் 2021ஐ மறந்துவிட்டோமா? கொரோனாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என்று போட்டார்கள். முடிந்துபோன வருடம் என்று நினைத்ததெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்து நின்றது.

பத்தாம் வகுப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, கேட்ட குரூப் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த மார்க்கில்தான், அது எல்லா வீட்டிலும் தெரியும். தெரியாதது ஆறாம் வகுப்பு. கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணை, இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று ஆறும் ஏழும் மட்டும் கட்டணம் கட்டித் தனியாரில் படிக்க வைத்தார்கள். பிறகு பணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கே மாற்றினார்கள். கவுன்சிலிங் நேரத்தில் அந்த இரண்டு வருடத்தால் ஒதுக்கீடு கிடையாது என்று தெரிந்தபோது அவள் அம்மா அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினொரு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது இதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

சரி, லெவன்த்துக்கு வருகிறேன். காலாண்டுக்கு முன்னால் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். கணங்கள், சார்புகள், முக்கோணவியல் என்று போனால் பரவாயில்லை. கலப்பு எண்கள் என்று ஆரம்பித்திருந்தால் அது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான்கு பெற்றோராகச் சேர்ந்து போங்கள். அக்காவிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை போகிறாள்.