பிரஷர் பாருங்கள் என்று நான்கு முறை கேட்டேன்

என் தங்கைக்குக் குழந்தை பிறந்த ஆறாம் நாள் ராத்திரி நடந்தது இது. இருபது நாளாகிவிட்டது. இன்னும் ஒன்றரை மணிக்கெல்லாம் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்துபோய் அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறேன். உள்ளுக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

தலைப்பிரசவம், சுகப்பிரசவம். மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் தலை வலிக்கிறது என்றாள். தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று நாங்களும்தான் நினைத்தோம். பாராசிட்டமால் கொடுத்தோம், கேட்கவில்லை. பத்து மணிக்கு இன்னொன்று. ஆச்சி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்: "பச்சை உடம்புக்காரி தலை வலிக்குதுன்னா லேசா விடாதீங்கடி, ஜன்னி கண்டுரும்." பழைய காலத்துப் பேச்சு என்று விட்டுவிட்டோம். அந்தக் குற்றம் எங்கள் மேல்தான்.

ஒரு மணி தாண்டி என்னை எழுப்பினாள். "அக்கா, கண்ணு முன்னாடி மின்மினி மாதிரி பறக்குது. நெஞ்சுக்குழியில பிடிச்சு இழுக்குது." விளக்கைப் போட்டுப் பார்த்தால் முகம் உப்பி வேறு யாரோ மாதிரி இருந்தாள். கால் கொலுசு சதையில் அழுந்திச் சுற்றிலும் தடம் விழுந்திருந்தது. கெண்டைக்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினேன், அந்தக் குழி அப்படியே நின்றது. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தெரிந்த ஆட்டோ அண்ணனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, பிரசவம் பார்த்த அதே தனியார் ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். அவள் வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, அதனால் நாங்கள் இரண்டு பேர்தான். இறங்கியதும் ஆட்டோவுக்கு ஜிபேயில் பணம் போட்டேன். நேரம் 1.52.

உள்ளே நர்ஸ் நோட்டைப் பார்த்தபடியே பேர், வயது கேட்டார். "முதல்ல பிரஷர் பாருங்க சிஸ்டர், தலை வலிக்குது, கண்ணு மங்குதுங்குறா" என்றேன். "டாக்டர் வரட்டும்மா." இது முதல் தடவை.

டியூட்டி டாக்டர் வந்து கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மாசமா இருந்தப்ப பிபி இருந்துச்சா?" இல்லை, எல்லாச் செக்கப்பிலும் 110/70தான் என்று அட்டையை நீட்டினேன். "அப்புறம் என்ன? டெலிவரியே ஆயிடுச்சு, இனிமே என்ன பிபி? தூக்கம் இல்லாம இருக்கும். கேஸ் டிரபிளுக்கு ஒரு ஊசி போடச் சொல்றேன்." சார், ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுங்கள் என்றேன். காதிலேயே வாங்காமல் போய்விட்டார். இரண்டு.

ஊசி போட்டு அரை மணி நேரம் ஆகியும் வலி குறையவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்த நர்ஸ் வந்து சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பிரசவ வலியையே தாங்கிட்ட, ஒரு தலைவலிக்கா இப்படிக் கத்துற?" மூன்றாவது தடவை கேட்டதற்கு, "நீங்கதான் அவங்களைப் பயமுறுத்துறீங்க, வெளிய போய் உட்காருங்க" என்றார். நான்காவது தடவை டாக்டரின் அறைக்கே போய்க் கேட்டேன். "நெட்டுல எதையாவது படிச்சிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க. கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?"

ஆம்பளை வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் டாக்டர்? அவர் கேட்டால் மட்டும் பிரஷர் பார்த்திருப்பீர்களா? கூடப் பிறந்து கூடவே வளர்ந்தவள் நான். இவள் சும்மா அழுகிற பெண் இல்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கை உடைந்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள். "இவ எப்பவும் இப்படி இருக்க மாட்டா" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதும் ஒரு தகவல்தானே? எந்தக் கருவியாலும் அந்தத் தகவலை எடுக்க முடியாது. வாசலில் நின்று அதை நான் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை.

பிரஷர் பார்க்கும் கருவி எங்கேயோ பூட்டி வைத்திருக்கவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்து டிராலியில், கைப்பட்டையைச் சுருட்டி மேலே வைத்திருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். ராத்திரி டியூட்டி கஷ்டம் என்று தெரியும், ஆள் பற்றாக்குறை என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்கு அங்கே எங்களைத் தவிர வேறு நோயாளியே இல்லை. ஒரு நிமிட வேலை!

அதைவிடக் கொடுமை ஒன்று. நான் குரலை உயர்த்தியபோது தங்கை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "சண்டை போடாதக்கா, அப்புறம் இன்னும் பாக்க மாட்டாங்க." உயிர் போகிற வலியிலும் அவர்கள் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

கடைசியில் பார்த்தது யார் தெரியுமா? பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி. பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். யாரும் சொல்லாமலே வந்து கைப்பட்டையைச் சுற்றினாள். ஒரு தடவை பார்த்தாள். முகம் வெளுத்தது. மறுபடி பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஓடினாள். 182/118.

அதற்கப்புறம் எல்லோரும் ஓடினார்கள். ஐந்து நிமிடத்தில் "எங்ககிட்ட ஐசியூ வசதி இல்ல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சீட்டு எழுதிவிட்டார்கள். 108 வந்தது. பாதி வழியில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. வண்டியில் இருந்த அண்ணன் அவளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, ஆக்சிஜன் வைத்து, "அக்கா, கையை விடாம பிடிச்சுக்கோங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருங்க" என்றார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அரசு மருத்துவமனையில் லேபர் வார்டு வாசலிலேயே கேட்டுவிட்டார்கள்: "பிள்ளை பெத்து எத்தனை நாள்? ஃபிட்ஸ் வந்துச்சா?" அவ்வளவுதான் கேள்வி. மெக்னீசியம் சல்பேட் ஊசி, நரம்பில் ஒன்று, இடுப்புக்கு ஒன்றாக இரண்டு. பிரஷர் குறைய மருந்து. அந்த வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள், நர்ஸ் அம்மாவுக்கு உட்கார நேரமில்லை. ஆனாலும் அவர் என் தங்கையின் கன்னத்தைத் தட்டி, "ஒண்ணும் இல்லடா, சரியாயிடும், வந்துட்டல்ல" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

அப்புறம் அங்கிருந்த டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். மாசமாக இருக்கும்போது பிரஷர் சரியாகவே இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறலாம். ஆறு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பொதுவாகப் பிரஷர் உச்சத்துக்குப் போகும். எங்களை வீட்டுக்கு அனுப்பியது சரியாக அந்தத் தொடக்கத்தில்! விடாத தலைவலி, கண்ணில் மினுக்கம், நெஞ்சுக்குழியில் வலி, திடீர் வீக்கம், மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் முதலில் பிரஷர்தான் பார்க்க வேண்டும். 160/110ஐத் தாண்டினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். அனுப்பும்போது யாராவது இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். தொப்புள்கொடிக்கு என்ன செய்வது, எப்போது தடுப்பூசி என்றெல்லாம் சொன்னார்கள். பெற்றவளைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை.

இது என்ன புதிதாகக் கண்டுபிடித்த நோயா? பிரசவத்தில் பெண்களைக் கொல்வதில் ரத்தப்போக்குக்கு அடுத்து இந்தப் பிரஷர்தான். மெக்னீசியம் ஊசி, வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் 10,000க்கும் அதிகமான பெண்களிடம் பார்த்து 2002ஆம் ஆண்டே சொல்லிவிட்டார்கள். விலை குறைந்த மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிக்கே இதற்கு ஜன்னி என்று ஒரு பேர் தெரிந்திருந்தது. படித்த டாக்டருக்கு அது கேஸ் டிரபிளாகத் தெரிந்திருக்கிறது.

தங்கை பிழைத்துவிட்டாள். வீட்டில் பிரஷர் மிஷின் வாங்கி வைத்து இரண்டு வேளையும் பார்க்கிறோம். இன்று காலை 126/82.

போன வாரம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேஸ் ஷீட் நகல் வாங்கினேன். அதில் எழுதியிருக்கிறார்கள்: 'நோயாளியுடன் வந்தவர் மிகுந்த பதற்றத்துடன் காணப்பட்டார்.' என் தங்கையின் தலைவலி அதில் இல்லை. கண் மினுக்கம் இல்லை. நான் நான்கு முறை கேட்டது இல்லை. என் பதற்றம் மட்டும் இருக்கிறது. வந்த நேரம் என்ற இடத்தில் 2.45 என்று போட்டிருக்கிறது. அந்த மாணவி பிரஷர் பார்த்த நேரம் அது.

ஜிபே ரசீதைக் காட்டினேன். "ரெக்கார்டை எல்லாம் மாத்த முடியாதும்மா" என்றார்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீதின் நகலையும் சேர்த்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டு அங்கேயே நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துப் போட்டுக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.