மந்திரத்தைக் குறைப்பது என்றால் எதைக் குறைப்பது?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற மேசைக் கதையாட்டத்தில், அரசியல் சூழ்ச்சியை வைத்து லோ-மேஜிக் கேம்பெயின் (மந்திரம் குறைவான நீண்ட தொடர்கதை) நடத்தப் போகிறேன் என்று கிளம்பும் டி.எம்.கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஃபயர்பால் என்ற தீக்குண்டு மந்திரத்தில். அதைத் தொடவே வேண்டாம். ஃபயர்பால் ஒரு அறையைத்தான் எரிக்கும். கதையையே எரிப்பது, மாட்டியவர் பொய் சொல்ல முடியாமல் செய்யும் ஸோன் ஆஃப் ட்ரூத் என்ற இரண்டாம் லெவல் ஸ்பெல் (மந்திரம்). 15 அடி ஆரம், 10 நிமிடம். உள்ளே நிற்பவர் சேவில் (மந்திரத்தைத் தடுக்க உருட்டும் டைஸில்) தப்பினாரா மாட்டினாரா என்பதுகூட ஸ்பெல் போட்டவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதம் உட்கார்ந்து நீங்கள் பின்னிய சதியை மூன்றாம் லெவல் கிளெரிக் (பூசாரி) ஒருவர் டீ ஆறுவதற்குள் அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்.

யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்பதில்தான் சூழ்ச்சிக் கதை நிற்கிறது. அதனால் என் கட்சி இது: சேதம் செய்யும் மந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், தகவல் தரும் மந்திரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பை, 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன். ஸோன் ஆஃப் ட்ரூத், டிடெக்ட் தாட்ஸ், சார்ம் பெர்சன், சஜஷன், டிஸ்கைஸ் செல்ஃப், இன்விசிபிலிட்டி, கிளேர்வாயன்ஸ், ஸ்க்ரையிங், ஸ்பீக் வித் டெட், டெலிபோர்ட் என்று மனதைப் படிப்பது, வசியம் செய்வது, உருவம் மறைப்பது, தொலைவிலிருந்து பார்ப்பது, பிணத்தைப் பேசவைப்பது, இடம் தாவுவது எல்லாம் வெளியே. சென்டிங் கட்டாயம் வெளியே. எவ்வளவு தூரத்துக்கும் 25 வார்த்தை உடனே போய்ச் சேரும் என்றால் தூதனை மறிப்பது, கடிதத்தைப் பிரிப்பது, முத்திரையைப் போலியாகச் செய்வது எதற்கும் இடமில்லை. உயிர்ப்பிக்கும் மந்திரங்களும் அப்படியே. ரிவிவிஃபைக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும். அரசவையில் யாரிடம் அது இருக்காது? அப்புறம் கொலை மிரட்டலுக்கு யார் பயப்படுவார்கள்?

ஸ்பெல் பட்டியலோடு நிறுத்திவிட்டால் ஓட்டை அடைபடாது. ஃபைண்ட் ஃபெமிலியர் (ஏவல் பிராணியை வரவழைக்கும் ஸ்பெல்) எடுத்தவர் 100 அடிக்குள் பூனையின் கண்ணால் பார்ப்பார். ட்ரூயிட் இரண்டாம் லெவலிலேயே எலியாக மாறி மந்திராலோசனை அறைக்குள் போய்விடுவார். வார்லாக்கின் மாஸ்க் ஆஃப் மெனி ஃபேசஸ், சேஞ்ச்லிங் இனம், இவையும் உருவத்தை மாற்றி அதே வேலையைத்தான் செய்யும். முதல் செஷனுக்கு முன்பே, கேரக்டர் உருவாக்கும் அன்றே இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி ஆடுபவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஆறாவது செஷனில் பிடுங்கினால் சண்டைதான் வரும், அதில் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

இரண்டாவது சிக்கல் உடம்பு. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 உள்ள ஆறாம் லெவல் ஃபைட்டருக்கு 52 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). கத்திக்கு 1டி4, அதாவது 1 முதல் 4 வரை சேதம். முதுகில் குத்தினால் சிரிப்பார். லெவல் 6-க்கு மேல் போகாதீர்கள், காயம் ஆற எடுக்கும் ஓய்வின் விதியையும் மாற்றுங்கள். டி.எம். கையேட்டிலேயே மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். சூழ்ச்சிக் கதையில் வாரத்துக்கு ஒரு சண்டை வந்தாலே அதிகம். இந்த விதி இருந்தால்தான் அந்த ஒரு சண்டையின் காயம் அடுத்த விருந்து வரை வலிக்கும்.

‘இந்த ஆட்டம் அரசியலுக்காகச் செய்ததே இல்லையே’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். 1969-இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘ப்ரௌன்ஸ்டைன்’ ஆட்டத்தில் வீரர்களுக்கு (ஆடுபவர்களுக்கு) கிடைத்தவை மேயர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் மாதிரியான வேடங்கள். ஆளுக்கு ஒரு நோக்கம். அதில் ஆடிய டேவ் ஆர்னசன்தான் பிறகு 1974-இல் டி அண்ட் டி-யைத் தந்த இருவரில் ஒருவர். டிராகன் பின்னால் வந்தது.

களத்துக்கு என் சிபாரிசு ஃபிளாரன்ஸ், 1478. கற்பனை உலகம்தான் வேண்டுமென்றால் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், எலும்புக்கூடு இதுவே போதும். மெடிச்சி, பாட்சி என்று இரண்டு வங்கிக் குடும்பங்கள். போப் நான்காம் சிக்ஸ்டஸ் இமோலா நகரை வாங்கக் கேட்ட கடனுக்கு மெடிச்சி இழுத்தடித்தார்கள், பாட்சி கொடுத்தார்கள். போப்பின் கணக்கு கைமாறியது. ஊரை ஆளும் சின்யோரியா சபையில் 9 பேர், பதவிக்காலம் வெறும் 2 மாதம், தேர்வு பையில் கைவிட்டுச் சீட்டு எடுப்பது. பையில் எந்தப் பெயர்கள் விழலாம் என்று முடிவு செய்பவர்களைத்தான் மெடிச்சி கையில் வைத்திருந்தார்கள். டி.எம்.முக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக வரும் கெடு, லஞ்சம் கொடுக்க ஒரு இடம், திருட ஒரு பை.

கோஷ்டிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். இங்கே மெடிச்சி, பாட்சி, போப்பின் ஆட்கள், நேப்பிள்ஸ் அரசர், சின்யோரியா. ஒவ்வொன்றுக்கும் நாலே வரி: மூன்று மாதத்தில் என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, யாரைக் கண்டு பயம், எந்த முகம் வழியாகப் பேசுகிறது. பக்கத்தில் ‘ப்ளேட்ஸ் இன் த டார்க்’ என்ற இன்னொரு கதையாட்டத்தின் பாணியில், வேலை முன்னேற முன்னேற நிரப்பும் ஒரு கடிகார வட்டம்: சின்ன வேலைக்கு 4 துண்டு, பெரிய சதிக்கு 8. செஷன் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு நகர்வு கொடுங்கள். அவற்றில் ஒன்றாவது அடுத்த செஷனில் வீரர்கள் காதில் விழ வேண்டும். சந்தைப் பேச்சோ வேலைக்காரியின் புலம்பலோ, எதுவானாலும் சரி. காதில் விழாத நகர்வு உங்கள் நோட்டுக்குள் நடக்கும் நாவல், அவ்வளவுதான்.

தடயங்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீரர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் குறைந்தது மூன்று தடயம், மூன்றும் வெவ்வேறு இடத்தில். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். ஃபிளாரன்ஸில் இவை தயாராகவே கிடக்கின்றன. பாட்சியோடு சதியில் சேர்ந்த பேராயர் சால்வியாட்டியின் பரிவாரத்தில் பெருஜியாவிலிருந்து வந்த ஆயுதக்காரர்கள். மெடிச்சி சகோதரர்கள் லோரென்சோ, ஜூலியானோ இருவரையும் விருந்தில் கொல்லத் திட்டமிட்டிருக்க, ஜூலியானோ உடம்பு சரியில்லை என்று வராமல் போக, கடைசி நேரத்தில் இடம் தேவாலயத்துக்கு மாறியது. மோன்டெசெக்கோ என்ற கூலிப்படைத் தலைவர் தேவாலயத்துக்குள் கொலை செய்ய மாட்டேன் என்று விலக, அவர் இடத்துக்கு இரண்டு பாதிரியார்கள் வந்தார்கள். ஏப்ரல் 26 காலை, வழியில் சதிக்காரர்கள் ஜூலியானோவை நண்பனைப்போல் கட்டிப்பிடித்து, உடைக்குள் கவசம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். அந்த அணைப்பை வர்ணித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இன்சைட் ரோல் (எதிராளியின் உள்நோக்கத்தை உணர டைஸ் உருட்டுவது) வெற்றி என்றால் ‘பொய் சொல்கிறான்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது ஸோன் ஆஃப் ட்ரூத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவது. ‘பேசும்போது அவன் கை உங்கள் விலாப்பக்கம் தேவைக்கு மேல் ஒரு கணம் நிற்கிறது’ என்று மட்டும் சொல்லுங்கள்.

பெர்சுவேஷனும் (பேசிச் சம்மதிக்க வைக்க உருட்டுவது) அப்படித்தான். 20 விழுந்தால் மன்னர் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிட மாட்டார். கையேட்டின் கணக்கே தெளிவாக இருக்கிறது: விரோதமாக இருப்பவரிடம் 20 எடுத்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாததை மட்டுமே செய்வார். நடுநிலையில் இருப்பவர் அதே 20-க்குச் சின்ன ஆபத்தை ஏற்பார், நண்பர் பெரிய ஆபத்தையே ஏற்பார். ஆக, டைஸை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஆளை நண்பராக்குவது. பரிசு, கல்யாணச் சம்பந்தம், கடன், பழைய ரகசியம் எல்லாம் அங்கேதான் பயன்படும்.

பெயர்கள் விஷயத்தில் வரலாறு மோசமான டி.எம். கொலைக்கூட்டத்திலேயே ஒரு ஃபிரான்செஸ்கோ பாட்சி, பேராயர் இன்னொரு ஃபிரான்செஸ்கோ. ஒருவர் பெயரைக் கூச்சப்படாமல் மாற்றுங்கள். ஒரு செஷனுக்கு மூன்று புதுப் பெயர்தான், மூன்றும் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும். எல்லா என்.பி.சி.யும் (டி.எம். நடிக்கும் பாத்திரங்கள்) துரோகி என்றால் மூன்றாவது செஷனிலிருந்து வீரர்கள் யாரோடும் பேச மாட்டார்கள், சத்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். நேர்மையான ஒருவராவது வேண்டும், அவர் அதிகாரம் இல்லாதவராக இருந்தாலும் சரி.

வீரர்களில் ஒருவரை ரகசியத் துரோகியாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆறு செஷனில் முடியும் குறுங்கதை என்றால் செய்யலாம். நீண்ட கேம்பெயினில் எனக்கு உடன்பாடில்லை: மேசையில் நாலு பேர் காத்திருக்க, டி.எம். ஐந்தாமவருக்கு வாட்ஸ்அப்பில் டைப் அடித்துக்கொண்டிருப்பார்.

கொலை நடந்தாலும் தடுக்கப்பட்டாலும் அங்கே கேம்பெயினை முடித்துவிடாதீர்கள். உண்மையில் ஜூலியானோ செத்தார், லோரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்பினார், சபையைப் பிடிக்கப் போன பெருஜியாக்காரர்கள் உள்ளிருந்து திறக்க முடியாத கதவுக்குள் மாட்டிக்கொண்டார்கள், பேராயர் அன்றே ஜன்னலில் தூக்கிலிடப்பட்டார். கான்ஸ்டான்டினோப்பிளுக்கு ஓடிய ஒரு கொலையாளியை சுல்தானே பிடித்து அனுப்பினார். பிறகு போப் நகரத்துக்கே மதத்தடை விதிக்க, போர் வந்தது. 1479 டிசம்பரில் லோரென்சோ எதிரியான நேப்பிள்ஸ் அரசர் ஃபெரான்டேயிடம் தானே கிளம்பிப் போனார். இந்தக் கடைசிப் பகுதிக்கு மூன்று செஷன் ஒதுக்குங்கள். ஃபெரான்டே விரோதி என்ற நிலையில் தொடங்கட்டும், ஒவ்வொரு செஷனிலும் ஒரு சலுகை கொடுத்தால்தான் ஒரு படி இறங்குவார். ஊரிலிருந்து வரும் கடிதம் எப்போதும் நாலு நாள் பழசாக இருக்கட்டும். வீரர்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே பையிலிருந்து புதுச் சபைக்குச் சீட்டு எடுத்து முடித்திருப்பார்கள்.