"புகார் முடித்து வைக்கப்படுகிறது"

"கள ஆய்வு செய்யப்பட்டது. விதிமீறல் ஏதும் காணப்படவில்லை. புகார் முடித்து வைக்கப்படுகிறது."

சரளைக் குவாரியைப் பற்றி மனு போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று வரியும் மனப்பாடம் ஆகியிருக்கும். எனக்கும் ஒன்று வந்தது, இன்னும் வைத்திருக்கிறேன். அதிகாலை நாலரை மணிக்கே டிப்பர் லாரிகள் ஓட ஆரம்பிக்கின்றன என்று நான் எழுதியிருந்தேன். அவர்கள் வந்து பார்த்தது காலை பதினொரு மணிக்கு. பதினொரு மணிக்கு லாரி ஓடுவதில் விதிமீறல் ஒன்றும் இல்லைதான். கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, எரிச்சலே அதுதான்.

அதிகாரிகள் எல்லோருமே காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் குறைவு, பார்க்க வேண்டிய குவாரிகள் ஏராளம், போட்டிக் குவாரிக்காரனே ஆளை வைத்து மனு போடுவதும் நடக்கும். ஆனால் நேர்மையான அதிகாரி வந்தாலும் பதில் பெரும்பாலும் இதேதான் வரும், ஏனென்றால் நாம் கேட்பது ஒன்று, அவர் பார்ப்பது இன்னொன்று. இங்கே மூச்சு விட முடியவில்லை என்று நாம் எழுதுகிறோம். அவர் உரிமத்தில் உள்ள நிபந்தனைகளை எடுத்து வைத்து, தண்ணீர் தெளிக்கிறார்களா, லாரிக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறார்களா என்று டிக் அடிக்கிறார். வரப்போவதாகச் சொல்லிவிட்டு வந்தால் இரண்டுமே இருக்கும்.

தூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்களுக்குப் பல நாடுகளில் வரம்பு உண்டு, ஆனால் அது 24 மணி நேரச் சராசரிக்கு. சல்லடையும் லாரிகளுமாகச் சேர்ந்து மூன்று மணி நேரம் கனமீட்டருக்கு 500 மைக்ரோகிராம் அளவுக்குத் தூசி கிளப்பிவிட்டு, மீதி 21 மணி நேரமும் 30ல் கிடந்தால் அன்றைய சராசரி 89 தான். அமெரிக்காவில் வரம்பு 150, எனவே பிரச்சினையே இல்லை என்றாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 50, அதைத் தாண்டிவிடும், ஆனால் அங்கேயும் வருடத்தில் 35 நாள் தாண்டலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று மணி நேரம் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சராசரியையா சுவாசித்தார்? இத்தனைக்கும் கண்ணுக்குத் தெரிகிற புழுதியைவிட, நுரையீரலின் அடிவரை போகிற 4 மைக்ரானுக்கும் குறைவான, கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற தாதுவின் துகள்தான் ஆபத்தானது. வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்கா புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே வகைப்படுத்திவிட்டது.

கிணறு விஷயம் இதைவிட மோசம். நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டி, ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே விட்டால் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் இறங்கும், இதில் புதிர் எதுவும் இல்லை. ஆனால் மனு போட்டால் "மழை குறைவு காரணமாக இருக்கலாம்" என்பார்கள். குவாரி வருவதற்கு முன்னால் உங்கள் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது, ஆதாரம் இருக்கிறதா? யாரிடம் இருக்கும்! அனுமதி கொடுக்கும்போதே சுற்றுக் கிணறுகளையெல்லாம் குவாரிக்காரர் செலவில் அளந்து பதிவு செய்யச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டவர்களே பிறகு நம்மிடம் ஆதாரம் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்த அலைச்சல். தூசி ஒரு துறை, தண்ணீர் இன்னொரு துறை, குவாரி வாசலைத் தாண்டிய லாரி மூன்றாவது துறை. ஒவ்வொருவரும் தன் துண்டை மட்டும் பார்த்துவிட்டு "எங்கள் அதிகார வரம்பில் வராது" என்று அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

நாற்பது வீட்டுக்காரர்கள் தனித்தனியாக, ஒரே மாதத்தில், ஒரே நேரத்தைக் குறிப்பிட்டு எழுதினால் அது நாற்பது மனுக்கள் இல்லை, காசில்லாமல் கிடைத்த நாற்பது அளவீடுகள். எந்தக் கருவியை வைத்தால் இத்தனை இடத்தில் இத்தனை மணிக்கு அளக்க முடியும்? அதை ஒரு வரைபடத்தில் குறித்தாலே எந்த நேரத்துக்கு, எந்தப் பக்கத்துக்கு ஆளை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் நாற்பதுக்கும் நாற்பது எண் போட்டு, நாற்பதையும் தனித்தனியாக முடித்து வைப்பார்கள். ஆண்டறிக்கையில் அது தீர்வு கண்ட புகார்களின் எண்ணிக்கையாக வரும்.

இதற்கு நடுவில் மனு போட்டவர் பெயர் குவாரிக்காரர் கைக்குப் போய்விடுவது தனிக்கதை. 1998ல் ஏற்பட்ட ஆர்ஹூஸ் உடன்படிக்கை, சுற்றுச்சூழல் தகவல் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது, தன் உரிமையைப் பயன்படுத்தியவரைத் தண்டிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்றும் சொல்கிறது. அதில் சேர்ந்த நாடுகளிலாவது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது.

உலகம் வருடத்துக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் தோண்டுகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. வீடும் சாலையும் வேண்டும், தோண்டத்தான் செய்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதுவரை வந்த அத்தனை புகாரையும், முடித்து வைத்ததையும் சேர்த்து, அந்தக் கோப்பிலேயே வைத்துப் பாருங்கள்.

நான் புகார் கொடுத்த குவாரிக்குப் புதுப்பித்தபோது அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிலுவையில் உள்ள புகார்கள் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. சரிதானே, எல்லாவற்றையும்தான் முடித்து வைத்துவிட்டார்களே.