ஆமாம், இன்னும் ஹீட்டர் போடவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டீர்கள். மீதிப் பேருக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். என் மகள் நீலப் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு கணக்குப் போடுகிற படம். வீட்டைச் சூடாக்குகிற ஹீட்டர் இல்லாமல் இந்தக் குளிரில் எத்தனை நாள் தள்ளுகிறோம் என்று எண்ணி, "22வது நாள், இன்னும் ஹீட்டர் போடவில்லை" என்று நான் விளையாட்டாகப் போட்டது. அதை எடுத்து, மேலே "காசை மிச்சம் பிடிக்கப் பிள்ளையை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள், இதில் பெருமை வேறு" என்று ஒரு வரி. கீழே நூற்றுச் சொச்சம் சிரிப்பு. என் பெயரை மட்டும் மறைத்திருந்தார்கள். மிக்க நன்றி. பிள்ளை முகம், மேசை, சுவர்க் கடிகாரம் எல்லாம் பளிச்சென்று தெரியும்போது பெயரை மறைத்தால் போதும், யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பெருந்தன்மை என்றார் வீட்டுக்காரர். அவருக்குப் பெருந்தன்மை சுலபமாக வரும், அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. அதே வீட்டில்தான் அவரும் இருக்கிறார், ஹீட்டர் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற அதே தெர்மோஸ்டாட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறார். ஆனால் கஞ்சம் நான், கொடுமைக்காரி நான். சரி, இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு இருக்கவில்லை. ஹீட்டர் போடாமல் இருக்கிறோம். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அறையைச் சூடாக்குவது வேறு, ஆளைச் சூடாக்குவது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் ஸ்வெட்டரின் வேலை, போர்வையின் வேலை. கம்பளி தானாகச் சூடு எதையும் உண்டாக்காது. இழைகளுக்கு நடுவில் காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும், அசையாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. அதனால்தான் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மெல்லியதாக மூன்று போட்டால் கதகதப்பாக இருக்கிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததை வீட்டில் செய்து பார்த்தால் கேலி.

உடை எவ்வளவு கதகதப்பு தரும் என்று அளக்க ஒரு அலகே இருக்கிறது, தெரியுமா? க்ளோ என்று பெயர். 1941இல் கேகி, பர்ட்டன், பேசெட் என்று மூன்று பேர் கொண்டுவந்தது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் சௌகரியமாக உணர எவ்வளவு உடை வேண்டுமோ அது 1 க்ளோ. கோட்டும் சூட்டும் போட்டால் ஏறக்குறைய அந்த அளவு வரும். என் மகள் அந்தப் படத்தில் எத்தனை க்ளோவில் இருந்தாள் என்று சிரித்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவராவது யோசித்தாரா? அவளுக்கு வியர்த்தது. அரை மணி நேரத்தில் போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். அதை நான் படம் எடுக்கவில்லை, அதுதான் என் தப்பு.

அந்த மேசையும் முதலில் ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தது. போன மாதம் நான் ஒருத்தியாகத் தள்ளி உள்சுவர் பக்கம் போட்டேன். காற்றின் சூடு ஒன்றாகவே இருந்தாலும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் குளிரும், கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியைப் பார்த்து நம் உடம்பு வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும், திரும்பி வருவது கொஞ்சம்தான். பொழுது சாயும்போதே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டால் பாதித் தொல்லை தீரும். பகலில் வெயில் விழுகிற ஜன்னலில் திரையைத் திறந்து வைக்க வேண்டும். கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன், அதற்கு மகள் மலைப்பாம்பு என்று பெயர் வைத்திருக்கிறாள். இரவில் படுக்கையில் மின்போர்வை, அதன் சீட்டில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. அலமாரியில் கிடக்கிற அறை ஹீட்டரில் 2000 வாட். ஒன்றுக்கு இருபது. இது கஞ்சத்தனமா, கணக்கா?

இப்போது கமெண்டில் வந்தவற்றுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். அழித்தவர்களுடையதையும் அழிப்பதற்கு முன்பே படித்துவிட்டேன்.

"பிள்ளைக்குச் சளி பிடிக்கும்." சளி கிருமியால் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. ஹீட்டர் நாள் முழுக்க எரிகிற வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் என் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அடுத்தது.

"உலக சுகாதார நிறுவனம் 18 டிகிரி வேண்டும் என்கிறதே." ஆமாம், 2018இல் வந்த வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகள், முதியவர்கள், இதயமோ நுரையீரலோ சரியில்லாதவர்கள் இருந்தால் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. நானும் படித்தவள்தான். படம் எடுத்தபோது அறையில் 18.5. அந்தச் சின்னத் தெர்மாமீட்டர் படத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. 18க்குக் கீழே போனால் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. 17.8ஐ 18 என்று எடுத்துக்கொள்வது என் சொந்த விதி. அதைப் பற்றி விவாதத்துக்கு நான் தயாராக இல்லை.

"வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இப்படிச் செய்வீர்களா?" மாட்டேன். இந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வயதானவர்களுக்கு உடம்பு குளிர்வதே சரியாகத் தெரியாது. நடுக்கம் வருவதற்குள் உள்ளுக்குள் உடம்புச் சூடு இறங்கிவிடும், அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. என் மாமனார் இரண்டு வருஷம் முன்னால் வந்து தங்கியபோது அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹீட்டர் போட்டாகிவிட்டது. எதுக்கும்மா வீண் செலவு, எனக்குக் குளிரவே இல்லை என்று அவர்தான் பத்து தடவை சொன்னார். குளிரவில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பயம். கையைத் தொட்டால் ஐஸ். வீட்டில் பெரியவர்களோ கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் என் பதிவைப் பார்த்து யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம், தயவுசெய்து ஹீட்டரைப் போடுங்கள்.

"சுவரில் பூஞ்சை பிடிக்கும்." ம். இது உண்மை. பிடித்தது. மூன்று வருஷம் முன்னால் பீரோவுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வரைபடமே உருவாகியிருந்தது, ஒரு சனிக்கிழமை முழுக்க நான் உட்கார்ந்து துடைத்தேன். 20 டிகிரி காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்கு இறங்கிய எந்தச் சுவரிலும் தண்ணீர் படியத் தொடங்கும். பூஞ்சைக்கு அந்த அளவு ஈரம்கூட வேண்டாம். நாம் மூச்சு விடுவது, குளிப்பது, துணியை உள்ளே காயப்போடுவது எல்லாம் காற்றில் ஈரம்தான். இப்போது பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். காலையில் பத்து நிமிஷம் ஜன்னல்களை முழுக்கத் திறந்து விடுகிறேன். அப்படியும் ஈரம் ஏறினால் ஹீட்டரைப் போடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. போதுமா? ஒரு தப்பை ஒப்புக்கொண்டேன். ஒன்றுதான்.

இன்னொரு புண்ணியவான் உள்ளே கரி அடுப்பு மூட்டிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்லியிருந்தார், அதற்கும் முப்பது லைக். இதில் விளையாட்டே கிடையாது. மூடிய அறையில் கரியைப் போட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை இருக்காது, நிறம் இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மெழுகுவத்தி மேல் மண் தொட்டியைக் கவிழ்த்தால் அறை சூடாகும் என்று வீடியோ அனுப்பியவருக்கும்: மெழுகுவத்தி எவ்வளவு வெப்பம் தருகிறதோ அவ்வளவுதான், தொட்டி ஒரு துளிகூடக் கூட்டாது. தீப்பிடிக்க வாய்ப்பு மட்டும் கூடும். போர்வை போர்த்திய பிள்ளையைப் பார்த்துப் பதறியவர்கள் யாரும் இதற்குப் பதறவில்லை, அதுதான் ஆச்சரியம்.

1977 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் கார்டிகன் போட்டு உட்கார்ந்து, தெர்மோஸ்டாட்டைப் பகலில் 65, இரவில் 55 ஃபாரன்ஹீட்டில் வையுங்கள் என்று நாட்டையே கேட்டுக்கொண்டார். 55 என்றால் 13 டிகிரி செல்சியஸுக்கும் கொஞ்சம் குறைவு. நான் அந்த அளவுக்குப் போகவே இல்லை. அந்த ஆளையும் கேலி செய்தார்கள்தான், ஆனால் அவர் அதிபர், அவருடைய கார்டிகன் வரலாறு ஆகிவிட்டது. என் மகளின் போர்வை மீம் ஆகிவிட்டது.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. அக்டோபரிலேயே ஹீட்டரை 24இல் வைத்துவிட்டு, அரைக்கை பனியனோடு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். போயிருக்கிறேன், வியர்த்து வழிய உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். அந்த வீட்டைப் படம் எடுத்து யாரும் போடுவதில்லை. அது வசதி. வீணாக்கினால் தாராளம், பார்த்துச் செலவழித்தால் அல்பம். இந்தக் கணக்கை யார் எழுதினார்கள்?

"ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள், இதில் என்ன மிச்சம்?" என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு நாகரிகமாகப் பதில் சொல்லத்தான் நினைத்தேன். பணத்துக்காக இல்லை, வீண் பண்ணக் கூடாது என்பதற்காக என்று எழுதினேன், அழித்தேன். அது முழு உண்மை இல்லை. பணத்துக்காகத்தான் இது ஆரம்பித்தது.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற எங்கள் பாய்லர் பதினொரு நாள் ஓடவில்லை. வீட்டு உரிமையாளர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்றார். ஹீட்டர் வாங்கலாமா என்று கணக்குப் போட்டோம். வாங்கினாலும் அதை ஓட்ட வேண்டுமே. அந்த மாதம் முடியவில்லை. மூன்று பேரும் இருப்பதிலேயே சின்ன அறைக்குள் போய்விட்டோம், கதவைச் சாத்தினால் மூன்று உடம்பின் சூடே ஓரளவு நிற்கும். மகளுக்கு அப்போது மூன்று வயது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, படுப்பதற்கு முன்னால் அவள் இடத்தில் வைத்து எடுத்துவிடுவேன். காலுறை, குல்லா எல்லாம் போட்டுத்தான் தூங்கினோம். க்ளோ, வாட் எதுவும் அப்போது தெரியாது, அதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. கைவேலை முதலில் வந்தது, பாடம் அப்புறம்தான். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள்கூட அவள் அழவில்லை. கூடாரம் கூடாரம் என்று குதித்தாள். அழுதது நான், குளியலறையில், தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு.

மூன்றாம் நாள் ஒருவர் வீடு தேடி வந்தார். அதிகம் பழக்கம்கூட இல்லை அப்போது. கையில் ஒரு பெரிய பை. உள்ளே வந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, பையிலிருந்து ஒரு நீலப் போர்வையை எடுத்து மகளைச் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை எழுதியதும் அவர்தான்.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் அன்று சிரிக்கவில்லை, இன்று ஏன் சிரித்தீர்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன் போலிருக்கிறது. உங்கள் போர்வைதானே அது? ஓரத்தில் தையல் பிரிந்த இடத்தில் நான் வெள்ளை நூலால் தைத்தது படத்தில்கூடத் தெரிகிறது. கவனிக்கவில்லையா? கவனித்துவிட்டுத்தான் எழுதினீர்களா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும். எதுவானாலும் மகள் முகம் இருக்கிற படத்தை எடுத்துவிடுங்கள். மற்றதை விட்டுவிடுகிறேன்.

யாரும் அவருடைய பக்கத்தில் போய் எனக்காகச் சண்டை போட வேண்டாம். சொல்லிவிட்டேன்.

இதை எழுதி முடிக்கும்போது உள்ளே 17.8. இருபத்தைந்தாம் நாள்.