பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு "விலை தவறு" என்று சொல்லலாமா?

ஆன்லைனில் ஒரு பொருள் நல்ல விலைக்கு வருகிறது. ஆர்டர் போடுகிறோம், யூபிஐ-யில் பணம் போகிறது, "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்று மெசேஜும் வந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு மெசேஜ். விலை தவறாகப் பதிவாகிவிட்டதாம், ஆர்டர் ரத்தாம், பணம் 5 முதல் 7 வேலை நாட்களில் திரும்புமாம்.

இதைப் பற்றிப் பேசினாலே இரண்டு பதில்கள் தயாராக வருகின்றன. "பணம்தான் திரும்ப வருதே, அப்புறம் என்ன?" என்பது ஒன்று. "அவ்வளவு மலிவா கிடைக்கும்னு நம்பினது உங்க பேராசை" என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. விலை போட்டவர், பணம் வாங்கியவர், உறுதி செய்தவர் எல்லாம் அவர்களே. தவறு நடந்தால் அதன் பாரம் மட்டும் எப்படி நம் தலையில் விழுகிறது?

ஒடிசாவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் இதே கேள்வியைக் கேட்டார். 2014 டிசம்பரில் அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் லேப்டாப் ஒன்று 190 ரூபாய்க்குக் காட்டப்பட்டது. அவர் ஆர்டர் போட்டார், உறுதியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர் சேவையிலிருந்து போன் செய்து, விலையில் பிரச்சினை, ஆர்டர் ரத்து என்றார்கள். மாவட்ட நுகர்வோர் மன்றம் போய், அங்கே கிடைத்த இழப்பீடு போதாது என்று மாநில ஆணையத்துக்கும் போனார். 2021 ஜனவரியில் மாநில ஆணையம் இழப்பீடும் வழக்குச் செலவுமாக 45,000 ரூபாய் தரச் சொன்னது. ஆறு வருடம் ஆனது, உண்மைதான். ஆனால் 190 ரூபாய் விலை கண்ணை உறுத்துகிற தவறு என்று நினைக்கிறவர்கள்கூட ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுதி செய்துவிட்டுக் கைவிட்டதற்குப் பொறுப்பு உண்டு என்று அந்த ஆணையம் சொன்னது.

இனி, நிறுவனங்கள் எந்தத் தைரியத்தில் ரத்து செய்கின்றன என்று பார்ப்போம். பெரும்பாலான தளங்களின் விதிமுறைகளில், யாரும் படிக்காத ஒரு மூலையில், ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்: நீங்கள் ஆர்டர் போடுவது வாங்க விரும்புகிறேன் என்ற கோரிக்கை மட்டுமே, நாங்கள் பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது. அதாவது பணத்தை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டே, "நமக்குள் இன்னும் ஒப்பந்தமே இல்லை" என்கிறார்கள்.

அலமாரியில் பொருளை வைப்பது வாங்க வரும்படி விடுக்கும் அழைப்பு மட்டுமே என்ற கொள்கை சட்டத்தில் பழையது. 1953-இல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடை வழக்கில் உறுதியானது. அதில் நியாயமும் இருக்கிறது. நம் ஊர் பாத்திரக் கடையில் குக்கர் மேல் தப்பாக விலைச்சீட்டு ஒட்டியிருந்தால், பில் போடும்போது "இல்லைங்க, இது வேற விலை" என்று சொல்லலாம். வேண்டாமென்றால் நாமும் வைத்துவிட்டு வரலாம். ஆனால் பில் போட்டு, பணத்தைக் கல்லாவில் போட்ட பிறகு, பஸ் ஸ்டாண்டு வரை துரத்தி வந்து குக்கரைப் பிடுங்கிக்கொள்ள எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. ஆன்லைனில் மட்டும் அது விதிமுறையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. கடந்த தீபாவளி விற்பனையில் அண்ணி ஒரு டேபிள் டாப் வெட் கிரைண்டர் ஆர்டர் போட்டார். 4,999 என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் 2,799 என்று போட்டிருந்தார்கள். கீழே பச்சை எழுத்தில் "பண்டிகைச் சலுகை", அதன் கீழே நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். இதில் எதைப் பார்த்து இது தவறான விலை என்று அவர் சந்தேகப்பட வேண்டும்? அதே பக்கத்தில் இருந்த எல்லாப் பொருளுக்கும் அப்படித்தானே விலை போட்டிருந்தது? மூன்றாம் நாள் "விலைப் பிழை காரணமாக" ரத்து. அன்று மாலையே அதே விற்பனையாளர் பக்கத்தில் அதே கிரைண்டர் 4,299-க்கு நின்றது. பணம் தீபாவளி முடிந்து வந்தது. அதற்குள் எங்கள் ஊர்க் கடையில் பண்டிகைத் தள்ளுபடியும் முடிந்துபோனது.

"பணம் திரும்ப வந்துவிட்டதே" என்பவர்களுக்கு இதுதான் என் பதில். அந்தப் பணம் முடங்கிக் கிடந்த நாட்களில் அவர் வேறு எங்கும் வாங்க முடியவில்லை. 2,799 ரூபாயைக் கணக்குப் பார்த்து எடுத்து வைக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அண்ணிக்கு நடந்தது போன்றதைச் சட்டம் சும்மா விடவும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக முறைகளை வரையறுக்கிறது. சலுகை விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் சலுகை விலை என்று விளம்பரம் செய்வதும் அதில் ஒன்று. வழக்கமான விலையை அடித்துவிட்டு குறைந்த விலையைக் காட்டும் அந்தப் பக்கம் அப்படிப்பட்ட விளம்பரம் இல்லையென்றால் வேறு எது?

மறுபக்கமும் இருக்கிறது. ஒரு இலக்கத்தை விட்டுவிடுவது யாருக்கும் நடக்கும். திருப்பூரிலிருந்து டி-சர்ட் விற்கும் ஒரு சின்ன வியாபாரி 499 என்பதை 49 என்று தட்டிவிட்டு, காலையில் எழுந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் ஆர்டர் குவிந்திருந்தால் என்ன செய்வார்? அவரை அந்த விலைக்கே கொடு என்று கட்டாயப்படுத்துவது எனக்கும் உடன்பாடு இல்லை. சிங்கப்பூரில் 2003-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 3,854 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள லேசர் பிரிண்டர் ஒரு தளத்தில் 66 வெள்ளிக்கு ஏறிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். விலை தவறு என்பது தெரிந்தே போட்டார்கள் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட இணைய உரையாடல்களே காட்டிக்கொடுத்தன. முதலில் உயர் நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் கோரிக்கையைத் தள்ளின. சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்குகிறவர் யாரும் நூற்றுக்கணக்கில் கேட்க மாட்டார்.

அதனால் கோடு எங்கே என்பதுதான் கேள்வி. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தவறென்று தெரிகிற விலைக்கு ஒரு நியாயம், சலுகை என்று நம்பும்படி காட்டப்பட்ட விலைக்கு வேறு நியாயம். நம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஆம் ஆண்டுச் சட்டம், இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. இரு தரப்புமே முக்கியமான ஒரு உண்மையைத் தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 20. ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்தது என்பதற்காகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது பிரிவு 22. "எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது" என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நிலை நம் சட்டத்தில் இல்லை.

சில நேரம் தவறே நடந்திருக்காது. 2022-இல் மும்பைக்காரர் ஒருவர் ஃபிளிப்கார்ட்டில் 39,628 ரூபாய் கட்டி ஐபோன் ஆர்டர் போட்டார். சில நாளில் ரத்தானது. டெலிவரிக்கு முயன்றும் முடியவில்லை என்றது நிறுவனம். கூடுதல் லாபத்துக்காகவே ரத்து செய்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, 2024-இல் மாவட்ட ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இது விலைப் பிழை வழக்கு இல்லை. ஆனாலும் ரத்துக்குச் சொல்லப்படும் காரணத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2020-இல் வந்த மின்வணிக விதிகளில் எனக்குப் பெரிய ஏமாற்றம் உண்டு. நிறுவனம் தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்யும்போது தானும் அதே மாதிரிக் கட்டணம் தருவதாக இருந்தால்தான், நாம் ரத்து செய்யும்போது நம்மிடம் ரத்துக் கட்டணம் வாங்கலாம் என்கிறது விதி 4(8). கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் கட்டணம் வாங்காத நிறுவனம், எத்தனை ஆர்டரை ரத்து செய்தாலும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. பணம் வாங்கிய ஆர்டரை நிறுவனம் ரத்து செய்தால் அன்றைக்கே பணத்தைத் திருப்ப வேண்டும், வெளிப்படையான தவறு என்று நிரூபிக்க முடியாவிட்டால் விலை வித்தியாசத்தையும் தர வேண்டும் என்று விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும். அப்படி ஒரு விதி இருந்தால் விலையைச் சரிபார்க்க அவர்கள் தானாகவே ஆள் போடுவார்கள்.

அதுவரை கையில் இருப்பதை வைத்துத்தான் போராட வேண்டும். ஆர்டர் போட்டதும் விலையோடு பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரத்தானதும் மறுபடி அதே பக்கத்துக்குப் போய்ப் புது விலையையும் எடுங்கள். இரண்டாவது படத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். "200 ரூபாய் கூப்பன் தருகிறோம்" என்பார்கள். தலையாட்டினால் "பிரச்சினை தீர்ந்தது" என்று புகாரை மூடிவிட வாய்ப்புண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் அங்கே புகார் போன பிறகு பதிலின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கான தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். "அனுப்பும்போதுதான் ஒப்பந்தம்" என்ற விதிமுறையே நியாயமற்றது என்று அறிவிக்கக் கேட்டால், அது மாநில ஆணையத்தின் வேலை, மாவட்டத்தில் எடுக்க மாட்டார்கள். ஆகவே மாவட்டத்தில் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை என்ற இரண்டை வைத்து எழுதுங்கள். தளம் "நாங்கள் இடைத்தரகர்தான்" என்று விற்பனையாளரைக் கை காட்டும், விற்பனையாளர் தளத்தைக் கை காட்டுவார். இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அதே பொருளை அதே விலைக்குத் தர வேண்டும், இல்லையேல் இன்றைய விலையோடு உள்ள வித்தியாசத்தைத் தர வேண்டும் என்று கேளுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தனித்தனியாகத் தொகை குறிப்பிடுங்கள்.