அதான் ஹிஸ்டரியில் இருக்கே!

மறுபடியும் ஒருத்தர் மொத்தப் பக்கத்தையும் தூக்கிவிட்டுப் புதுசாக ஒட்டிவிட்டார். யார் என்று கேட்காதீர்கள். உங்கள் ஆபீசிலும் ஒருவர் இருப்பார், அவரேதான்.

எங்கள் குழு விக்கியில் (குழுவில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் குறிப்பேடு) எந்தப் பக்கம் நாசமாகப் போனாலும் பரவாயில்லை, சர்வர் ரீஸ்டார்ட் பக்கத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. எதை முதலில் நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது, பேக்கப் எந்த வட்டுக்குப் போக வேண்டும் என்று ஆளுக்கொரு பகுதியாக எழுதி, அடித்து, சண்டை போட்டு ஒருவழியாகத் தேற்றி வைத்திருந்தோம். நம்மவர் என்ன செய்தார்? திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை அப்படியே காப்பி எடுத்து வேர்டில் போட்டுக்கொண்டார். விக்கியில் எழுதினால் அவருக்குக் கை ஓடாதாம். செவ்வாய், புதன், வியாழன் என்று அங்கேயே உட்கார்ந்து இழைத்து இழைத்துத் திருத்தினார். அதே நாட்களில் நாங்கள் விக்கியில் புது சர்வர் பெயரைச் சேர்த்தோம், பழைய பேக்கப் வட்டை எடுத்தோம், 'இந்தப் படியில் டேட்டாபேஸைத் தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை போட்டோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம், எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம், ஐயா வந்தார். எடிட் பொத்தானை அழுத்தினார். கன்ட்ரோல் ஏ. கன்ட்ரோல் வி. சேவ். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

விக்கி தடுக்காதா என்பீர்கள். தடுக்காது, அதுதானே வயிற்றெரிச்சல்! நீங்களும் நானும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திறந்து, நான் முந்திக்கொண்டு சேவ் செய்துவிட்டால், மீடியாவிக்கி (எங்கள் விக்கியை ஓட்டுகிற மென்பொருள்) உங்களை நிறுத்தி எடிட் கான்ஃப்ளிக்ட், அதாவது திருத்தங்கள் மோதுகின்றன, என்று சொல்லும். இப்போதிருக்கும் வடிவம் ஒரு பெட்டியில், நீங்கள் எழுதியது இன்னொரு பெட்டியில், பார்த்துச் சேர்த்துக்கொள் என்று கொடுத்துவிடும். வேறு வேறு பத்திகளைத் திருத்தியிருந்தால் தானாகவே சத்தமில்லாமல் இணைத்தும் விடும். (அதற்கு சர்வரில் டிஃப்3 என்று ஒரு குட்டி நிரல் இருக்க வேண்டும். எங்கள் சர்வரில் அதைப் போடச் சொல்லிக் கொடுத்த டிக்கெட் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.) ஆனால் இந்த முன்ஜாக்கிரதை எல்லாம் எதை வைத்து? நீங்கள் எடிட்டைத் திறந்தபோது பக்கம் எந்த வடிவில் இருந்தது என்பதை வைத்து. நம்மவர் எடிட்டைத் திறந்தது வெள்ளிக்கிழமை சாயந்திரம். அவர் வேர்டுக்குள் குடியிருந்த நாட்கள் விக்கிக்கு எப்படித் தெரியும்? அதைப் பொறுத்தவரை, மனிதர் எங்கள் திருத்தங்கள் அத்தனையையும் படித்துப் பார்த்து, யோசித்து, 'இதெல்லாம் வேண்டாம்' என்று முடிவு செய்து நீக்கியிருக்கிறார்! ஒரே நேரத்தில் இரண்டு பேர் மோதினால் பிடிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு, ஊசிப்போன சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகிற ஆளைப் பிடிக்கத் தெரியாது.

அண்மை மாற்றங்கள் பட்டியலில் 500 பைட்டுக்கு மேல் குறைந்தால் எண்ணைத் தடித்த எழுத்தில், சிவப்பாகக் காட்டும். காட்டியது. மைனஸ் ஆறாயிரத்துச் சொச்சம். பக்கத்திலேயே திருத்தக் குறிப்பு: 'சிறு மாற்றம்'. அது போதாதென்று மைனர் எடிட் கட்டத்தில் ஒரு டிக் வேறு. சிறு திருத்தங்களை மறைத்து வைத்திருப்பவர்களின் கவனிப்புப் பட்டியலில் தலையே காட்டாமல் போகட்டும் என்றா, அல்லது டிக் போடுகிற கட்டம் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காதா, தெரியவில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு போன். "சார், பேஜ்ல இருக்கிறபடிதான் சார் பண்ணேன்." அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்தே ரெண்டு மாசம் ஆகவில்லை. பக்கம் டேட்டாபேஸை நிறுத்து என்றது, நிறுத்திவிட்டான். பேக்கப் கட்டளையை அப்படியே எடுத்து ஓட்டியிருக்கிறான், அதுவும் ஓடவில்லை. ஏன் ஓடும்? அந்த வரியை ஐயா வேர்டில் தன் கையால் திரும்பத் தட்டியிருக்கிறார். இரண்டு சிறு கோடுகளை வேர்டு சேர்த்து ஒரே நீளக் கோடாக ஆக்கிவிட்டது, நேரான மேற்கோள் குறிகளை அழகாக வளைத்துக் கொடுத்துவிட்டது. கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது. கட்டளைக்குத்தான் லட்சணம் புரியவில்லை.

திங்கட்கிழமை கேட்டேன். நிதானமாகத்தான் கேட்டேன், சத்தியமாக. "சார், நாங்க சேர்த்ததெல்லாம் போயிடுச்சே?"

"எங்க போச்சு? அதான் ஹிஸ்டரில இருக்கே, எடுத்துக்கோங்க பாஸ்."

ஹிஸ்டரி என்றால் பக்கத்தின் பழைய வடிவங்கள் எல்லாம் கிடக்கிற பட்டியல். வீட்டைக் கொளுத்திவிட்டு, பத்திரம்தான் பேங்க் லாக்கரில் இருக்கே என்று சொல்வது மாதிரி.

சரி, எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், ஒரு திருத்தத்தை மட்டும் ரத்து செய்கிற அன்டூ வேலை செய்யவில்லை. இடையில் வேறு திருத்தங்கள் வந்துவிட்டதால் முடியாதாம். வந்துதான் இருந்தன. சனிக்கிழமை ஷிப்டில் இருந்த இருவர், பாவம், பக்கம் செத்துப்போனது தெரியாமல் அதற்கு அட்டவணை எல்லாம் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் அவர்கள் எழுதியது போய்விடும். அப்புறம் அவர்களிடம் நான் போய் ஹிஸ்டரியில் இருக்கே என்று சொல்வதா? சரி, ஒப்பிட்டுப் பார்த்துக் கையாலேயே சேர்ப்போம் என்று இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடப்பக்கம் முழுக்க மஞ்சள், வலப்பக்கம் முழுக்க நீலம். பத்திகளை எல்லாம் உடைத்து வேறு இடத்தில் ஒட்டியிருந்ததால் எந்த வரி எந்த வரியாக மாறியது என்று கருவியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அந்த மனிதர் அத்தனை நாள் தவமிருந்து செய்த மாற்றம் என்ன தெரியுமா? 'ப்ளீஸ்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'கைண்ட்லி'. அவ்வளவுதான். அதற்குத்தான் டேட்டாபேஸ் சாய்ந்தது.

2003-இலிருந்து தமிழ் விக்கிப்பீடியா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஒருவர் இந்த ஊர், ஒருவர் அந்த நாடு. ஒரு பத்தியை நீக்குவதற்கு முன் உரையாடல் பக்கத்தில் கேட்கிற பழக்கமாவது அங்கே இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தைத் திருப்பினால் தடையே வரலாம். இங்கே ஒரே ஏசிக் காற்றை மூச்சுவிடுகிறோம், ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலியைத் திருப்பி "நடுவுல யாராவது தொட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

நேற்று மேனேஜர் மேடத்திடமிருந்து மெயில் வந்தது. ஆஹா, விடிவுகாலம் என்று திறந்தேன். 'இனி இதுபோல் நேராமல் இருக்க, யாரும் விக்கியில் நேரடியாகத் திருத்த வேண்டாம். கைண்ட்லி, அவரவர் திருத்தங்களை வேர்டில் செய்து எனக்கு அனுப்பவும். வெள்ளிக்கிழமைதோறும் நானே பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன்.'

சிரிக்க ஆரம்பித்தேன், நிற்கவில்லை. பக்கத்து சீட்டு ஆள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். காபி குடித்தால் தேவலை என்று பேன்ட்ரிக்குப் போனால், ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் இருக்கிறது. எடுத்தால் காலி. ஏன்யா, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிக்கொண்டு வெறும் பாக்கெட்டை ஒழுங்காக மடித்து மறுபடியும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைக்கிறவர் யார்யா நீங்கள்? குப்பைத் தொட்டி காலடியில்தானே இருக்கிறது?