கிராபிக்ஸ் கார்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரே டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய நினைக்கிற பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "என் பட்ஜெட்டுக்கு எந்த கார்டு வரும்?" என்றுதான். கடைகளிலும் கொட்டேஷனை அங்கிருந்துதான் போட ஆரம்பிக்கிறார்கள். கார்டும் பிராசசரும் பெரிய பெயராக அமைந்துவிட்டால், மிச்சமிருக்கும் பணத்துக்குள் மற்றதெல்லாம் அடங்கிவிட வேண்டும். இந்த வரிசையே தப்பு என்பது என் கருத்து. அந்த மெஷினை வைத்துச் சம்பாதிக்கப் போகிறவருக்கு ரொம்பவே தப்பு.

எல்லா பாகங்களிலும் மாற்றுவதற்குச் சுலபமானவற்றில் ஒன்று கார்டு. ஒரு ஸ்லாட், ஓரிரு ஸ்குரூ, ஒரு பவர் கேபிள். மூன்று வருடம் கழித்துப் பழையதை விற்றுவிட்டுப் புதியது மாட்டிக்கொள்ளலாம். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட், மானிட்டர் எல்லாம் அப்படி அடிக்கடி மாற்றுகிற பொருள்கள் இல்லை. யோசனையும் பணமும் முதலில் அங்கே போகவேண்டும்.

சமீபத்தில் மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் "இது ஓகேவா அண்ணா?" என்று ஒரு கொட்டேஷனை அனுப்பியிருந்தார். ஐ5-13400எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ராம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட், அப்புறம் "450 வாட் எஸ்எம்பிஎஸ்". அந்தக் கடைசி வரியில் கம்பெனி பெயரும் இல்லை, மாடலும் இல்லை. பகலில் பிரீமியர் புரோவில் எடிட்டிங், ராத்திரி நண்பர்களோடு வேலரண்ட் கேம். இதுதான் அவருடைய தேவை.

எனக்குக் கோபம் வந்தது அந்த எஸ்எம்பிஎஸ் வரியைப் பார்த்துத்தான். பிராசசரும் கார்டும் மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ட் லைனிலிருந்துதான் எடுக்கின்றன. அதனால் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட், அவ்வளவுதான் அந்த லைனின் சக்தி. 13400எஃப் முழு வேகத்தில் 148 வாட் வரை இழுக்கும், 4060 கார்டு 115 வாட். கூட்டினால் 263. வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது இரண்டும் சேர்ந்து உழைக்கும் நேரத்தில் மெஷின் திடீரென்று அணைந்தால், குறை சொல்வது விண்டோஸை. காரணம் கேபினெட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும்.

"80 பிளஸ் முத்திரை இருக்கே" என்று சொல்வார்கள். அந்த முத்திரை முக்கியமாகச் சொல்வது ஒன்றைத்தான்: சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை. சாதாரண 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் 90 சதவீதம் தந்தால் கோல்டு தரம். ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் வந்தால் தானாக அணைந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்று அது சோதிப்பதில்லை. ஆகவே முத்திரையோடு மாடலின் பெயரையும் கேட்டு வாங்கி, அந்த மாடலைப் பிரித்துச் சோதித்தவர்களின் ரிவ்யூவைத் தேடிப் பாருங்கள். குறைந்தது 5 வருட வாரண்டி தருகிற 550 அல்லது 650 வாட் சப்ளை போட்டால், நாளைக்குக் கார்டை மாற்றும்போதும் அதுவே பெரும்பாலும் போதும்.

இதோடு சேர்த்து யுபிஎஸ்ஸையும் யோசியுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பலவும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் அதிலேயே மாட்டிவிட்டு கேம் ஆடினால், கரண்ட் போன நொடியில் அதுவும் கைவிட்டுவிடலாம்.

அடுத்தது அந்த "எஃப்". இன்டெல் பிராசசரில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் (தனிக் கார்டு இல்லாமலே திரையில் படம் காட்டும் பகுதி) கிடையாது, அதனால் விலை கொஞ்சம் குறைவு. கேம் மட்டும் ஆடுபவருக்கு அது நல்ல மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் இப்போது கல்யாணங்களுக்கு வரும் கேமராக்கள் பலவும் எச்.265, 10 பிட், 4:2:2 என்கிற, நிற விவரம் அதிகமுள்ள வீடியோ வடிவில் பதிவு செய்கின்றன. அந்த வடிவத்தை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் திறன் இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 11ஆம் தலைமுறையிலிருந்து உண்டு. 4060இன் நிறுவனமான என்விடியாவில் அது 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகளில்தான் வந்தது. 4060இல் இல்லை. அதாவது எஃப் பிராசசரும் 4060 கார்டும் சேர்ந்தால், அந்த வீடியோவைப் பிரிக்கும் வேலை முழுக்க பிராசசர் தலையில் விழும். டைம்லைனில் இரண்டு கேமரா காட்சியைச் சேர்த்து வைத்தாலே திணறும். எஃப் இல்லாத வெறும் 13400 போட்டிருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கொட்டேஷனைப் பார்த்தால் விலை உயர்ந்த பாகம் 4060. தம்பியின் தொழிலுக்கு அதிகம் உதவுவது சில ஆயிரம் மிச்சம் பிடிக்க விட்டுவிட்ட அந்தச் சின்ன உள் கிராபிக்ஸ்.

அது இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். எஃப் பிராசசர் என்றால் அதுவரை திரையில் ஒன்றுமே வராது, முகூர்த்த மாதத்தில் அது நேர்ந்தால் என்ன செய்வார்? உள் கிராபிக்ஸ் இருந்தால் வேலை மெதுவாகவாவது நடக்கும். வேலரண்ட் கனமான கேம் இல்லை, செட்டிங்கைக் குறைத்தால் அதிலேயே ஓடும். அதனால் அவருக்கு நான் சொன்னது: கார்டே வாங்காமல் ஆரம்பியுங்கள், அந்தப் பணத்தை மற்ற பாகங்களுக்குப் போடுங்கள், ஆறேழு மாதம் கழித்து கார்டு பார்ப்போம்.

ராம் விஷயத்தில் இப்போது எல்லாருக்கும் கஷ்டம்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்று வந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. அப்படியிருந்தும் வீடியோ எடிட்டருக்கு இரண்டு 16 ஜிபி ஸ்டிக் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே ஸ்டிக் போட்டால் மெமரியின் வேகம் பாதியாகிறது, உள் கிராபிக்ஸும் அதே மெமரியைத்தான் பயன்படுத்துகிறது. மாட்டிய பிறகு பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் போர்டின் செட்டிங்ஸில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்கிற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியின் மேல் மட்டும்தான் இருக்கும்.

புரோகிராம் எழுதுகிறவர், கேமும் ஆடுகிறவர் என்றால் என் பதில் வேறு. அவருக்கு 4:2:2 கவலை இல்லை, இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டு எடுக்கலாம். 2022இல் வந்த அந்த சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4இல் 2017இல் போர்டு வாங்கிய பலர், பயாஸ் அப்டேட் செய்து 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசர் வரை போட முடிந்தது. 13400க்கான எல்ஜிஏ 1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது.

மானிட்டரைக் கார்டுக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். 27 அங்குலத்தில் 1080பி (1920x1080 புள்ளிகள்) வாங்கினால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான். நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது சிரமம். அதே அளவில் 1440பி (2560x1440) என்றால் 109. ஆனால் 1440பியில் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 1080பியைவிட 1.78 மடங்கு. எந்த கார்டு போதும், அதன் மெமரி 8 ஜிபியா 16 ஜிபியா என்பதற்கு மானிட்டர் தெரியாமல் பதில் சொல்லவே முடியாது.

கண்ணாடி முகப்பு கேபினெட் வேண்டாம் என்று சொன்னபோது தம்பிக்கு மனசே இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறைக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினெட்தான் சரி. காற்று உள்ளே வர வழி இருக்கணும், கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு தூசி ஃபில்டரும் இருக்கணும்.

பில் போடும்போது ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனி வரியாக வரவேண்டும் என்று கேளுங்கள். "கேமிங் பிசி ஒன்று" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால், பிற்பாடு ஒரு பாகத்துக்கு மட்டும் வாரண்டி கேட்டுப் போகும்போது எதைக் காட்டுவீர்கள்? ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறோம் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எஸ்எம்பிஎஸ் வரியில் மாடல் பெயர் எழுத மறுக்கும் கடையாக இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.